தாசில்தாருக்கு ஒதுக்கிய மரம்

காட்டில் சும்மா இருப்பது மனிதனுக்கு நல்லது என்பதை அரசாங்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருடம் ஓர் ஆணை மூலம் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பு காட்டில் சும்மா இருந்தவர்கள்மீது வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இந்த மாற்றத்துக்குக் காரணமானவர் திரு. இளஞ்செழியன் என்ற வன அதிகாரி. தீக்குச்சிக்கு உகந்த மரங்களைப் பற்றிப் படித்துவரப் பன்னிரண்டு நாள் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டவர் அவர். போன நேரம் தீக்குச்சித் தொழிற்சாலைக்கு விடுமுறை. அழைத்துப் போனவர்கள் அவரை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காட்டுக்குள் உலாவ விட்டார்கள். அங்கே ஜப்பானியர்கள் மரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்து, மூச்சை இழுத்து விட்டு, முகம் தெளிந்து வீடு திரும்புவதைப் பார்த்தார். அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயரைத் தமிழாக்கியபோது வனக்குளியல் என்று வந்தது. ஊர் திரும்பியதும் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். ஒரு துறை, தண்ணீர் எங்கே என்று கேட்டது. இன்னொரு துறை, பெண்களுக்குத் தனித் துறை உண்டா என்று கேட்டது. பதினெட்டு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு தண்ணீர் தேவையில்லை என்பது உறுதியாகி, வன நலவாழ்வுத் திட்டம் என்று ஒன்று பிறந்து, அதற்கு இளஞ்செழியனே இயக்குநரும் ஆகி, கல்வராயன் மலையில் மூன்று நாள் முகாம் நடத்த அனுமதி வந்தது.

யாரைக் குளிப்பாட்டுவது என்பதுதான் மீதிக் கேள்வி. அந்த மாதம் மாவட்டம் முழுவதும் இடஒதுக்கீட்டுப் பேச்சுதான். வியாழக்கிழமை தொடங்கி ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவர் விடாமல் எழுதியிருந்தார்கள். ரோட்டோரப் புளியமரங்களில் எதை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுவரை ஊர் ஊராகப் பேசி வைத்திருந்தார்கள். இதனால் வருவாய்த் துறை அலுவலர்களுக்குப் படபடப்பு அதிகமாக இருப்பதாகத் தெரியவந்தது. பதற்றச் சூழலில் பணியாற்றுவோரே முதல் பயனாளிகள் என்று முடிவானது. ஆக, மறியலைச் சமாளிக்க வேண்டியவர்கள் மறியலுக்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை காலை, ஜீப்பில் மலையேறினார்கள்.

நைனார்பாளையம் பச்சையம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மகள் மணிமொழிக்கு நர்சுப் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடலூரில் அசல் சாதிச் சான்றிதழோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருக்கும் பெண்ணுக்குப் போய்விடும். சான்றிதழில் கிராம நிர்வாக அலுவலர் எழுத வேண்டியதை எழுதிவிட்டார், வருவாய் ஆய்வாளரும் எழுதிவிட்டார். தாசில்தாரின் கையெழுத்தும் முத்திரையும்தான் பாக்கி. அதற்காக நான்கு தடவை தாலுகா ஆபீசுக்கு அலைந்தாள். ஐந்தாவது தடவை, செவ்வாய்க்கிழமை காலை, ஆபீசில் இருந்த ஒரே ஓர் எழுத்தர் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"ஐயா குளிக்கப் போயிருக்காரும்மா."

"வர எத்தினி நேரம் ஆவுங்க?"

"வியாழக்கிழமை வந்துடுவாரு."

பச்சையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுத்தர் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் பேனாவால் காட்டினார். இடம்: கரியாலூர் அருகே, காப்புக்காடு.

அவள் மலை பஸ்ஸுக்காகக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நின்றபோது கணவன் பாவாடை வந்தான். மறியல் குழுவில் அவனுக்கு மலையடிவாரப் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். தோளில் இருந்த துண்டு புதிது.

"இன்னிக்கா மேல போற? சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள எறங்கிடு. அடிவாரத்துல இன்னிக்கே ஒத்திகை வெச்சிருக்கோம்."

"மறியலுக்கு ஒத்திகையா?"

"பழக வேணாமா? மரம் எந்தப் பக்கம் உழுதுன்னு பாக்க வேணாமா?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "நாம கேக்குற பர்சண்டு மட்டும் வந்துட்டா இந்த மாதிரி ஆபீஸ் ஆபீஸா அலயவே வேணாம் பச்ச."

"வரட்டும்யா. வந்தா அதுக்கும் இந்தப் பேப்பரத்தான் கேப்பான்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

முகாமின் வாசலில் மூங்கில் தட்டியில் 'அமைதி காக்க, மீறினால் நடவடிக்கை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே வனக்காவலர் வீரமுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் ஒரு கவலை இருந்தது. ஆணையில் நாற்பது பயனாளிகள் என்று இருந்தது. வந்தவர்கள் பதினேழு பேர். ஜீப் டிரைவர்களையும் சமையல்காரரையும், முதல் நாள் தேன் விற்க வந்து மாட்டிக்கொண்ட இருவரையும் சேர்த்தும் இருபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை.

"பேரு?"

"பச்சையம்மா. தாசில்தார் ஐயாவப் பாக்கணுங்க."

"பாக்கலாம். இன்னா வேல செய்ற?"

"கழனி வேல."

களப்பணியாளர் என்று எழுதிக்கொண்டான். இருபத்து மூன்று.

"செருப்பு, கடிகாரம், பேனா எல்லாம் இந்தப் பொட்டியில போட்ரு. உள்ள ஆபீஸ் சாமான் எதுவும் கொண்டாரக் கூடாது. பேப்பர் கீப்பர் வெச்சிருக்கியா?"

"இல்லிங்க," என்றாள் பச்சையம்மாள். சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து அவள் இடுப்பில் இருந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இருபதுக்கு மேற்பட்ட பேனாக்கள் கிடந்தன. அதில் ஒன்று பச்சை மசிப் பேனா. அது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"திரும்பிப் போற பஸ்ஸு எப்ப?"

"மூணரைக்கு. ஆனா குளியல் முடியாம யாரும் வெளிய போவக் கூடாது."

உள்ளே மௌனத்தின் பெருமையை விளக்குவதற்காக ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதற்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக இயக்குநர் இளஞ்செழியன் சற்று உரக்கவே பேசினார்.

"அன்பர்களே, காடு யாரையும் ஏற்றத்தாழ்வோடு பார்ப்பதில்லை. காட்டில் மேல் மரம், கீழ் மரம் கிடையாது. கீழே சிலர் எங்களுக்கு இத்தனை விழுக்காடு ஒதுக்கு என்று ரோட்டுக்கு வருகிறார்கள். ஒரு நெல்லி மரம், வெயிலில் எனக்கு இத்தனை பங்கு ஒதுக்கு என்று என்றைக்காவது மனுக் கொடுத்திருக்கிறதா? கிடைத்ததை வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த மனப்பக்குவத்தை நாம் பெற வேண்டும். இப்போது மர ஒதுக்கீட்டுப் பட்டியல் வாசிக்கப்படும். பட்டியல் பதவி மூப்புப்படி தயாரிக்கப்பட்டது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

எழுத்துமூலம் தெரிவிக்கப் பேனா இல்லாததால் ஆட்சேபம் வரவில்லை. வீரமுத்து வாசித்தான். இயக்குநருக்கு ஈட்டி மரம். ரேஞ்சருக்கும் தாசில்தாருக்கும் ஆளுக்கொரு வேங்கை. துணைத் தாசில்தார்களுக்குக் கடுக்காய் மரம். வருவாய் ஆய்வாளர் இருவருக்குச் சேர்த்து ஒரு நாவல், ஆளுக்கு ஒரு பக்கம். கிராம நிர்வாக அலுவலர்களுக்கு நெல்லி. டிரைவர்களுக்கு மூங்கில் புதர். களப்பணியாளருக்கு உண்ணிச்செடி.

பச்சையம்மாள் உண்ணிச்செடிக்குப் போகவில்லை. தாசில்தாரைத் தேடிப் போனாள். ஆனால் இயக்குநர் நடைக்கும் விதி வகுத்திருந்தார். நிமிடத்துக்கு நான்கு அடி. எல்லோரும் ஒரு காலைத் தூக்கி, அது எங்கே இறங்கப் போகிறது என்று யோசிப்பவர்கள்போல நின்று, பிறகு வைத்தார்கள். பச்சையம்மாள் இருபது அடி முன்னால் போய்விட்டதைக் கண்ட வீரமுத்து ஓடிவந்து அவளைப் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பினான். ஓடிவந்த குற்றத்துக்காக அவனை இயக்குநர் திருப்பி அனுப்பினார். இது மூன்று தடவை நடந்தது. கடிகாரம் இல்லாததால் பச்சையம்மாள் நிழலைப் பார்த்தாள். நிழல் அவளைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

தாசில்தார் தீனதயாளன் தனக்கு ஒதுக்கிய வேங்கை மரத்தைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைப் பட்டையில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். மரத்தின் பின்னால் ஒருவர் தோளில் ரெக்சின் பையோடு நின்றார். அவர் டபேதார் ஆரோக்கியதாஸ். தாசில்தார் எங்கே போனாலும் முத்திரையோடு கூடவே போகிறவர். பட்டியலில் அவருக்கு மரமே இல்லை.

"யக்கா, இப்ப பேசக் கூடாது," என்றார் ஆரோக்கியதாஸ் மெல்ல. "ஐயா மரத்துல இருக்காரு."

"அண்ணே, ஒரே ஒரு கையெழுத்து. நாளைக்குப் பத்து மணிக்குக் கடலூர்ல குடுக்கணும். பொண்ணு நர்சுக்கு."

"பேனாவப் புடுங்கிக்கினானே. பையில இருந்த முத்திரையப் பாத்து இது இன்னான்னான். மாத்திர டப்பான்னு சொல்லிக் கொண்டாந்தேன்."

தாசில்தார் கண்ணைத் திறந்தார். பச்சையம்மாள் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அவர் உதட்டில் விரலை வைத்தார். பிறகு பக்கத்து வேங்கையைக் காட்டினார். அதை ரேஞ்சர் கட்டிப்பிடித்திருந்தார். தாசில்தார் இரண்டு கையையும் விரித்து அந்த மரத்தின் பருமனைக் காட்டி, பிறகு தன் மரத்தின் பருமனைக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த மரம் ஏழடி சுத்து, இது அஞ்சே முக்கால்னு காலையில இருந்து மனசு சரியில்ல அவருக்கு," என்று விளக்கினார் ஆரோக்கியதாஸ்.

அந்த நேரத்தில் வீரமுத்து இன்னொரு பெண்ணை அழைத்துவந்தான். பக்கத்து மலை ஊர்ச் சின்னப்பொண்ணு. தலையில் விறகுக் கட்டு இருந்தது.

"இத எறக்கு. வெறகு எடுத்ததுக்குக் கேஸ் எழுதட்டுமா, இல்ல குளிக்கிறியா?"

"குளிச்சா கேஸு இல்லயா சாமி?"

"இல்ல. மரத்தக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கணும்."

"போன மாசம் இதே மரத்தத் தொட்டாருன்னுதான் எம்புருசனப் புடிச்சிக்கினு போனீங்க."

"அது தொட்டது. இது பயிற்சி."

இருபத்து நான்கு. சின்னப்பொண்ணு விறகை இறக்கிவைத்து, பச்சையம்மாளின் உண்ணிச்செடிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒதுக்க இனிச் செடியும் இல்லாததால் அவளுக்கு அவளுடைய விறகுக் கட்டே ஒதுக்கப்பட்டது.

மதியம் கேழ்வரகுக் கூழுக்குப் பிறகு உள்ளொளி நேரம் வந்தது. மரம் தனக்கு என்ன சொன்னது என்பதை ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். முதலில் ஒரு துணைத் தாசில்தார் எழுந்தார். கடுக்காய் மரம் அறுபது வருடமாக ஒரே இடத்தில் இருந்தும் அதன்மீது ஒரு புகார்கூட வரவில்லை என்பதைக் கவனித்ததாகச் சொன்னார். வருவாய் ஆய்வாளர் இருவரும் எழுந்தார்கள். நாவல் மரம் அவர்களில் ஒருவரிடம் மட்டும் பேசியதாகத் தெரிந்தது. அது யார் என்பதில் சிறு தகராறு வந்தது.

பிறகு தாசில்தார் எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு நாளைக்குச் சராசரியா நூத்தம்பது கையெழுத்து. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். யார் எந்தச் சாதின்னு நான் சொல்லணும். எனக்கு எப்படித் தெரியும்? கீழ எழுதி அனுப்பினதப் பார்த்து நான் எழுதறேன். கீழ இருக்கறவர் நான் பாத்துப்பேன்னு எழுதறார். நேத்தியில இருந்து ஒரு கையெழுத்தும் போடல. கை லேசா இருக்கு. ராத்திரி தூக்கம் வந்தது. இந்த மரம் எனக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். தீனதயாளா, இனிமே போடாதே."

இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். கைதட்டுவது விதிக்கு மாறானது என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார். திட்டத்தின் முதல் உள்ளொளி என்று அதை உடனே பதிவுசெய்யச் சொன்னார். அந்த உள்ளொளி கலையாமல் இருக்க, தாசில்தாரிடம் எந்தக் காகிதமும் வியாழன்வரை காட்டப்படக் கூடாது என்று உத்தரவிட்டார்.

பச்சையம்மாள் சான்றிதழை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அடுத்து, களப்பணியாளர். உங்களுக்கு உங்கள் செடி என்ன சொன்னது?"

"ஒண்ணும் சொல்லல சார். முள்ளு குத்திச்சி."

"இன்னும் ஆழமாகக் கேளுங்கள்."

"சார், அந்த ஐயா கையெழுத்துப் போட்டாருன்னா எனக்கு இன்னா இன்னாவோ தோணும். இப்ப ஒண்ணும் தோணல. மணி இன்னா சார் ஆவுது?"

மணி கேட்டதை இயக்குநர் நோயின் அறிகுறியாகக் கண்டார். கம்பவுண்டரைக் கூப்பிட்டார். முகாமில் எல்லோருக்கும் மணிக்கொரு தரம் நாடி பார்க்கப்பட்டு வந்தது. மரத்தடியில் ஒரு பதிவேட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் அதில் தேதி, நாடி, சுருக்கொப்பம் மூன்றையும் பென்சிலால் எழுத வேண்டும். முகாமின் சராசரி நாடி எண்பதுக்குக் கீழே வந்தால்தான் திட்டம் வெற்றி. அடுத்த ஜப்பான் பயணமும் அதில்தான் இருந்தது. கம்பவுண்டர் பச்சையம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தார். நூற்றுப் பன்னிரண்டு.

"இவரை இப்படியே வெளியே விட முடியாது," என்றார் இயக்குநர் கவலையோடு. "சராசரி கெட்டுவிடும். நாடி இறங்கும்வரை செடியோடு இருக்கட்டும்."

"கையெழுத்துப் போட்டா எறங்கிடும் சார்."

இயக்குநர் இதை யோசித்தார். அவர் நியாயமானவர். கையெழுத்தைச் சிகிச்சையாகக் கருத விதியில் இடம் இருப்பதாக அவருக்குப் பட்டது. பெட்டியில் இருந்து பச்சை மசிப் பேனாவைச் சோதனைக்காக எடுத்துவரச் சொன்னார். பேனாவைத் தூரத்தில் கண்டதும் தாசில்தாரின் நாடி எழுபதில் இருந்து தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. மூடியைத் திறந்ததும் நூற்று முப்பது. கம்பவுண்டர் தரையில் குச்சியால் கணக்குப் போட்டார். அம்மாவுக்கு முப்பது குறையும், ஐயாவுக்கு அறுபது கூடும், ஆகவே கையெழுத்துப் போடாமல் இருப்பதே முகாமுக்கு நல்லது என்று வந்தது. பேனாவை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

தூரத்தில் மலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. மூன்றரை. பச்சையம்மாள் தாசில்தாரின் மரத்தின் எதிரே போய் உட்கார்ந்தாள். முதல் முறையாக அந்த முகாமில் ஒருவர் அசையாமல் இருந்தார்.

"யக்கா," என்றார் ஆரோக்கியதாஸ் அருகில் குந்தி. "அழுவுறியா?"

"அழுது இன்னா ஆவுது? பஸ்ஸு பூட்ச்சி. நடந்து எறங்கினாலும் அஞ்சு மணிக்கு அடிவாரத்துல மரம் தள்றாங்க. எங்க வூட்டுக்காரருதான் தள்றதே. இனிமே அடுத்த வாரந்தான் ரோடு தொறக்கும்."

இதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மௌன நேரமாக இருந்ததாலும், ஜெனரேட்டரில் டீசல் அப்போதுதான் தீர்ந்திருந்ததாலும், இருபத்து மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

கடுக்காய் மரத்தில் இருந்து ஒரு துணைத் தாசில்தார் கையை எடுத்தார். "அடுத்த வாரமா?"

"ஏழு நாளைக்கு அரிசி இருக்குதா?" என்று ஒரு வருவாய் ஆய்வாளர் கேட்டார்.

"கேழ்வரகு ரெண்டு நாளைக்கு இருக்குது," என்றார் சமையல்காரர்.

"எங்க ஊருக்கு வாங்க சாமி," என்றாள் சின்னப்பொண்ணு. "சாம அரிசிச் சோறு தரேன். இவ வெறகு எடுக்கல, குளிச்சான்னு எழுதிக் குடுத்தா போதும்."

கம்பவுண்டர் பழக்கத்தில் வரிசையாக நாடி பார்த்துக்கொண்டே போனார். நூற்றுப் பத்து, நூற்று இருபது, நூற்றுப் பதினெட்டு. இயக்குநருக்கு நூற்று முப்பத்து நான்கு. அவர் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்றார். ஒலிபெருக்கி செத்துப்போயிருந்ததால் இரண்டு கையையும் வாயருகே குவித்து அறிவித்தார்.

"அன்பர்களே, மூன்று நாளில் அடைய வேண்டிய அமைதியை நாம் ஒன்றரை நாளிலேயே அடைந்துவிட்டபடியால் முகாம் இத்துடன் நிறைவுபெறுகிறது. ஜீப்புக்குப் போகலாம். பதவி மூப்புப்படி ஏறவும்."

நிமிடத்துக்கு நான்கு அடி என்ற விதி அப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஜீப் கிளம்பும் இடத்தில் தாசில்தாருக்கு ஒரு யோசனை வந்தது. மரம் தள்ளுபவனின் மனைவி முன் இருக்கையில் இருந்தால் வழி விடுவார்கள்.

"அம்மா, நீ முன்னால ஏறு."

பச்சையம்மாள் ஏறவில்லை. பிளாஸ்டிக் உறையில் இருந்து சான்றிதழை எடுத்து ஜீப்பின் பானெட்டில் விரித்தாள். நான்கு மூலையிலும் நான்கு கல் வைத்தாள்.

"எனக்கு உள்ளொளி வந்திருக்கு. புரிஞ்சிக்கோம்மா."

"புரியுதுங்க. பேனா அண்ணங்கிட்ட இருக்குது."

வரும் வழியில் வாசல் பெட்டியில் இருந்து எடுத்துவைத்திருந்த பச்சை மசிப் பேனாவை ஆரோக்கியதாஸ் நீட்டினார். தாசில்தார் மரத்தைத் திரும்பிப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், குனிந்து எழுதினார். இரண்டு நாளாக அவர் கை பழகியிருந்தது நாடிப் பதிவேட்டுக்குத்தான். அதனால் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கீழே 'நாடி 128' என்றும் எழுதிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. ஆரோக்கியதாஸ் மாத்திரை டப்பாவைத் திறந்து, முத்திரைமேல் வாயால் ஊதி ஈரமாக்கி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கோபுரம் பளிச்சென்று விழுந்தது.

"இப்ப ஏறலாம்," என்றாள் பச்சையம்மாள்.

அடிவாரத்துக்கு அவர்கள் வந்தபோது மரம் விழுந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கிளைகளோடு ரோட்டை அடைத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் பாவாடையும் இருபது பேரும் நின்றார்கள்.

"கவர்மெண்டு வண்டி போவாது," என்றான் பாவாடை. முன் இருக்கையில் மனைவியைக் கண்டதும் கொஞ்சம் சங்கடப்பட்டான். "நீயும் போவக் கூடாது பச்ச. இந்தாண்ட வர குழு பாஸ் வேணும்."

"யாரு குடுப்பா?"

"வட்டச் செயலாளரு கையெழுத்துப் போடணும். நான் துணைதான்."

பச்சையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிளையைப் பிடித்து ஏறி, அடிமரத்தின்மேல் நின்று, அந்தப் பக்கம் குதித்தாள். குழுவில் யாருக்கும் அதற்கு விதி தெரியவில்லை.

இயக்குநர் ஜீப்பை விட்டு இறங்கிவந்தார். "தம்பிகளே, நாங்கள் மரங்களின் நண்பர்கள்."

"மரம் இங்கதானங்க கெடக்குது," என்றான் பாவாடை. "இருங்க."

பச்சையம்மாள் கச்சிராயபாளையம்வரை நடந்தாள். அங்கே கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளும் மணிமொழியும் கடலூரில் வரிசையில் நின்றார்கள். வரிசையில் நாற்பது பெண்களும் அவர்களை அழைத்துவந்தவர்களும் இருந்தார்கள். வியாழக்கிழமை ரோடு மூடிவிடும் என்பதால் எல்லோரும் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். சான்றிதழ் சரிபார்க்கும் எழுத்தர் மணிமொழியின் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கையெழுத்து சரி. தேதி சரி. முத்திரை மிகச் சரி. பிறகு அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது.

நாடி 128.

எழுத்தர் மேசையில் இருந்த சுற்றறிக்கைக் கட்டைப் புரட்டினார். நாடி பற்றி எதுவும் இல்லை. ஆனால் புதிதாக வரும் உத்தரவுகளில் பாதி அவர் மேசைக்கு வந்துசேருவதில்லை என்பதும், வராத உத்தரவுக்காகத்தான் போன வருடம் அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது என்பதும் அவர் நினைவில் இருந்தன. தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் பதிவேட்டில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டார். அதில் 128 என்று எழுதினார்.

"சரி. நீ உள்ள போம்மா. அடுத்து."

அடுத்து நின்றது மூங்கில்துறைப்பட்டு அனிட்டா. கூட அவள் அம்மா தெரசா. எழுத்தர் அனிட்டாவின் சான்றிதழை மேலும் கீழும் பார்த்தார்.

"நாடி எங்க?"

"இன்னா சார்?" என்றாள் தெரசா.

"நாடி எண் போடல. முன்னாடி போன பொண்ணுக்குப் போட்டிருக்குல்ல. தாசில்தார்கிட்ட எடுத்துக்கினு போய்ப் போட்டுக்கினு வா."

"இன்னிக்கு ஊருக்குப் போனா நாளைக்கு எப்பிடி சார் வரது? ரோடு இல்லயே."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? அடுத்து."

அனிட்டா நகரவில்லை. வரிசை முழுவதும் தங்கள் தங்கள் காகிதங்களைப் பிரித்து நாடியைத் தேட ஆரம்பித்தது. கதவுவரை போய்விட்ட பச்சையம்மாள் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் மலை பஸ் போனபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது தெரசாவின் முகத்தில் தெரிந்தது. மணிமொழியின் தோளைத் தட்டினாள்.

"நாடி பாக்கத் தெரியுமா ஒனக்கு?"

"பள்ளிக்கூடத்துல முதலுதவி வகுப்புல சொல்லிக் குடுத்தாங்கம்மா."

"பாரு அந்தப் பொண்ணுக்கு."

மணிமொழி திரும்பிவந்து அனிட்டாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசையாமல் எண்ணினாள். அறையில் முதல் தடவையாகச் சத்தம் அடங்கியது.

"தொண்ணூத்தாறு," என்றாள்.

"எழுதிக்குங்க சார்," என்றாள் பச்சையம்மாள்.

எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரு எடுத்தது?"

"நர்சு."

எழுத்தர் கட்டத்தில் 96 என்று எழுதினார். வரிசையில் அடுத்து நின்ற பெண் வளையலை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.